கிரகண மூளியும் ரண சிகிச்சையும்

சில பழைய சொற்கள் வழக்கொழிந்து போனதற்காக நாம் வருந்துகிறோம். வேறு சில சொற்களோ, ஏன் இன்னும் வழக்கொழியவில்லை என்று வருந்தும்படி இருக்கின்றன. 'கிரகண மூளி' என்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு நம்மவர்கள் இட்ட பெயர் அது. விளிம்பு உடைந்த சட்டியை மூளி என்கிறோம். காது அறுந்தவளை மூளி என்கிறோம். நகையில்லாத கழுத்தையும் மூளி என்கிறோம். அந்தச் சொல்லோடு வானத்தில் நடக்கும் கிரகணத்தையும் முடிச்சுப் போட்டுப் பிறந்து ஒரு நாள் ஆன சிசுவின் மேல் சுமத்துகிறோம். இதில் குழந்தைக்கு ஏற்படும் அவமானம் ஒரு பங்கு என்றால் தாயாருக்கு ஏற்படும் பழி இரண்டு பங்கு. கிரகண வேளையில் அவள் வாசலுக்கு வந்தாள், அரிவாள்மணையைத் தொட்டாள், காய் நறுக்கினாள், ஆகையால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். பிரசவ வலி ஆறுவதற்கு முன்பே அந்தப் பெண் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள்.

உதட்டுப் பிளவைப் பற்றி நம் வாசகர்களில் பெரும்பாலோர் ஓரளவு அறிந்திருப்பார்கள். மேலுதட்டில் மூக்கை நோக்கிச் செல்லும் பிளவு அது. சில குழந்தைகளுக்கு அண்ணமும் சேர்ந்து பிளந்திருக்கும். நம் தேசத்தில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால், வாயைப் பற்றிய பிளவுகளில் இதைவிட மிக அபூர்வமானவை சில உண்டு. அவற்றைப் பற்றியும், அவற்றைச் சரி செய்யும் ரண சிகிச்சையைப் பற்றியும் இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் பல் வைத்தியக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் அருகருகே இருப்பதால், இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இவ்விஷயத்தை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

காதை நோக்கிச் செல்லும் வாய்

அபூர்வமான முகப் பிளவுகளைப் பற்றிய ஞானம் நெடுங்காலம் சிதறிக் கிடந்தது. ஒரு வைத்தியர் தாம் கண்ட ஒன்றை ஒரு பெயரால் எழுதுவார். மற்றொருவர் அதையே வேறு பெயரால் எழுதுவார். இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் பிரெஞ்சு தேசத்து ரண சிகிச்சை நிபுணர் பால் டெஸ்ஸியே (1917-2008). கண்குழியை மையமாக வைத்துக் கொண்டு, முகத்திலும் மண்டையிலும் பிளவுகள் செல்லும் பாதைகளுக்கு 0 முதல் 14 வரை அவர் எண் கொடுத்தார். அவருடைய வகைப்பாடு 1976-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று எந்த நாட்டு வைத்தியரும் 'ஏழாம் எண் பிளவு' என்றால் மற்ற நாட்டு வைத்தியர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

அந்த ஏழாம் எண்தான் நாம் சொல்ல வந்தது. இது வாயின் கடைக்கோடியில் தொடங்கிக் கன்னத்தின் குறுக்கே காதை நோக்கிச் செல்கிறது. சில குழந்தைகளுக்கு வாய் ஒரு பக்கம் விரற்கடை அளவு அதிகமாக நீண்டிருக்கும்; அவ்வளவுதான். சில குழந்தைகளுக்குப் பிளவு கன்னத்தின் பாதிவரை போய்விடும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே காணப்படும். இரண்டு பக்கமும் இருப்பது அதனினும் அபூர்வம். காதின் முன்னால் சிறு மருப்போன்ற சதைத் துணுக்குகள் இருப்பதும், அந்தப் பக்கத்துக் காது சிறுத்திருப்பதும், தாடை எலும்பு குறைவாக வளர்ந்திருப்பதும் உண்டு. ஆகையால் வாயை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக் கொள்ளாமல், காதையும் தாடையையும் சோதிக்க வேண்டும். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பரீக்ஷித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற அபூர்வப் பிளவுகளும் இருக்கின்றன. மேலுதட்டின் நட்ட நடுவில் வருவது ஒன்று. கீழுதட்டின் நடுவில் வருவது ஒன்று. வாயிலிருந்து கன்னம் வழியாகக் கண்ணுக்கே ஏறிச் செல்வது மற்றொன்று. இந்தக் கடைசி வகையில் கீழ் இமை பிளந்திருப்பதால் கண் மூடாமல் கருவிழி உலர்ந்து பார்வைக்கே ஆபத்து நேரிடும். ஆனால் அபூர்வ வகைகளுக்குள் அதிகமாகக் காணப்படுவது ஏழாம் எண்தான். அதுவும் 60,000 முதல் 3,00,000 பிரசவங்களில் ஒன்று என்றுதான் சொல்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி கடலூர் ஜில்லாவில் 26 லக்ஷம் ஜனங்கள் இருந்தார்கள். இந்த ஜில்லா முழுவதிலும் சில வருஷங்களுக்கு ஒரு முறை இத்தகைய குழந்தை ஒன்று பிறக்கலாம். முப்பது வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸும் ஒரு குழந்தையைக்கூடக் கண்டிராமல் இருக்கலாம். 'இப்படி ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை' என்று வீட்டார் பயந்து குழந்தையை மறைத்து வைப்பதற்கு இந்த அபூர்வத் தன்மையே காரணமாகி விடுகிறது.

முகம் உருவாகும் விதம்

கருவில் முகம் உருவாகும் விதத்தைத் தெரிந்து கொண்டால் பயம் பாதி தெளிந்துவிடும். கர்ப்பம் தரித்த நான்காவது வாரத்தில் சிசுவுக்கு முகம் என்று ஒன்று இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றி ஐந்து மொட்டுகள் தோன்றுகின்றன: நெற்றிப் பக்கத்திலிருந்து ஒன்று, மேல்தாடைக்கு வலமும் இடமுமாக இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை வளர்ந்து, நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்வதனால்தான் முகம் உண்டாகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் முகத்தின் அமைப்பு பெரும்பாலும் பூர்த்தியாகி விடுகிறது. அண்ணம் மட்டும் பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி மூடிக் கொள்கிறது.

நம் வீட்டுப் பெண்மணிகள் கொழுக்கட்டை பிடிப்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். மாவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஒட்டிக் கொண்டே வருகின்றன. நடுவில் சிறிது இடம் திறந்திருக்கிறது. அதுபோலவே மேல்தாடை மொட்டும் கீழ்த்தாடை மொட்டும் காதுப் பக்கத்திலிருந்து ஒட்டிக் கொண்டே வந்து, வாயின் கடைக்கோடி இருக்க வேண்டிய இடத்தில் நின்று விடுகின்றன. ஆரம்பத்தில் மனிதர் எல்லோருடைய வாயும் அகலமானதுதான். ஒட்டும் வேலை பாதியில் நின்று போனால் வாய் அகலமாகவே தங்கிவிடுகிறது. மேலுதட்டு மொட்டுகள் ஒட்டாமற் போனால் சாதாரண உதட்டுப் பிளவு உண்டாகிறது.

வேலை ஏன் பாதியில் நிற்கிறது? ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை. பாரம்பரியக் கூறுகள் சில, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் உட்கொண்ட சில மருந்துகள், முக்கியமாக வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில, புகையிலைப் புகை, இவையெல்லாம் உதடு, அண்ணப் பிளவுகளுக்குத் துணை செய்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஏழாம் எண் பிளவைப் பொறுத்தவரை, கருவில் அந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டுவரும் மிக நுண்ணிய நாளத்தில் ஏதோ சேதம் ஏற்படுவதே காரணமாக இருக்கலாம் என்பது ஓர் அபிப்பிராயம். பெரும்பாலான குடும்பங்களில் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. அந்தத் தாய் செய்த தவறு எதுவும் இல்லை என்பதே இதன் சாரம்.

கிரகணம் குற்றவாளியா?

நம் கிராமங்களில் நடக்கக்கூடிய ஒரு சம்பாஷணையை வாசகர்கள் மனத்தில் கற்பனை செய்து கொள்ளலாம். பேசுகிறவர்கள் மாமியாரும் நர்ஸும்.

"கிரகணத்தன்னிக்கு வெளியே போவாதேன்னு தலையிலே அடிச்சுக்கிட்டேன், நர்ஸம்மா. கேட்டாளா?"

"எந்தக் கிரகணம், பாட்டி?"

"ஆவணியிலே வந்துதே, அதுதான்."

"அப்போ உங்க மருமகளுக்கு எத்தனை மாசம்?"

"ஆறு முடிஞ்சு ஏழு நடந்துது."

"ரெண்டு மாசம் முடியறதுக்குள்ளேயே வயித்துப் புள்ளைக்கு முகம் ஆயிடும், பாட்டி. ஆறு மாசத்துக்கு அப்புறம் வந்த கிரகணம் ஏற்கெனவே ஆன முகத்தை எப்படிப் பிளக்கும்?"

பாட்டி சற்று யோசிக்கிறாள். "அப்படின்னா இது யார் பண்ண பாவம்?" என்று கேட்கிறாள்.

"யாரும் பண்ணலை, பாட்டி. சீக்கிரமா ஆஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போனா சரி பண்ணிடலாம்."

இந்த நர்ஸின் வாதத்தை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். முகம் உருவாகும் வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாயிருப்பதே நிச்சயமாகத் தெரிந்திராது. கிரகணத்துக்குப் பயந்து அறையில் அடைந்து கிடக்கும் மாதங்களிலோ முகத்தின் வேலை முடிந்து போயிருக்கும். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி கங்கண சூரிய கிரகணம் கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களின் வழியாகச் சென்றது. அன்று அந்த ஜில்லாக்களில் இருந்த கர்ப்பிணிகள் எத்தனை ஆயிரம் பேர்! கிரகணத்துக்குப் பிளக்கும் சக்தி இருக்குமானால் ஒரு தலைமுறையே பிளந்த முகத்துடன் அல்லவா பிறந்திருக்க வேண்டும்? கிரகணமே காணாத வருஷங்களிலும் உதட்டுப் பிளவு வருகிறது. கிரகணத்தைப் பற்றி எந்த நம்பிக்கையும் இல்லாத ஜனங்களிடையிலும் வருகிறது. கன்றுகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும்கூட வருகிறது. சாஸ்திர சம்மதமான ஸ்நானத்தையும் ஜபத்தையும் செய்ய விரும்புகிறவர்கள் செய்யட்டும். ஆனால் ஒரு தாயின் மேல் பழி போடுவதற்குச் சூரிய சந்திரர்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

நம் தேசத்தின் பழைய கலை

குறைபட்ட முகத்தைச் சீர்செய்யும் கலை மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுகிறவர்கள் பலர். சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. ஸுச்ருத ஸம்ஹிதையில் அறுந்த காதைப் பதினைந்து விதமாக இணைக்கும் முறைகள் கூறப்பட்டிருக்கின்றன. அறுந்த மூக்கைக் கட்டுவதற்கு, முதலில் ஓர் இலையை மூக்கின் அளவுக்கு நறுக்கிக் கொண்டு, அந்த அளவுக்குக் கன்னத்திலிருந்து சதையை எடுத்துப் பொருத்தும்படி அந்த நூல் சொல்லுகிறது. உதட்டை இணைப்பதும் அங்கே பேசப்படுகிறது. முதலில் அளவு, பிறகுதான் கத்தி என்ற அந்த நியதி இன்றைக்கும் மாறவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

இந்தக் கலை ஏட்டில் மட்டும் இருந்ததா? இல்லை. மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயரின் படையில் வண்டிக்காரனாக இருந்த கவாஸ்ஜி என்பவன் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். பின்னர் பூனாவில் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒரு மராட்டியர் அவனுடைய நெற்றித் தோலை இறக்கி அவனுக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். ஆங்கில வைத்தியர்கள் அருகிலிருந்து கண்டார்கள். 1794 அக்டோபரில் லண்டனில் ஒரு பத்திரிகையில் இந்தச் செய்தி படத்துடன் வெளிவந்தது. அதைப் படித்துப் பல வருஷம் ஆராய்ந்த ஜோஸப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1814-இல் லண்டனில் அதே முறையைக் கையாண்டு வெற்றி பெற்று, 1816-இல் புஸ்தகமாகவும் வெளியிட்டார். மேல்நாட்டில் முகச் சீரமைப்புச் சிகிச்சை மறுபிறவி எடுத்தது அதிலிருந்துதான்.

இதில் நாம் பெருமைப்பட வேண்டியது ஒன்று. வெட்கப்பட வேண்டியது ஒன்று. அந்தக் கலையைக் காத்துவந்தவர்கள் நம்மவர்கள் என்பது பெருமை. அந்த மராட்டிய நிபுணரின் பெயர்கூட உலகத்துக்குத் தெரியாமல் போயிற்று என்பது வெட்கம். கைத்தொழிலாளியின் அறிவைப் பண்டிதர்கள் எழுதி வைக்கவில்லை. பண்டிதர்களின் ஏட்டைக் கைத்தொழிலாளி படிக்கவில்லை. ஏடும் கையும் பிரிந்து நிற்கும் தேசத்தில் எந்தக் கலையும் வளராது.

மற்ற நாடுகளிலும் சுவாரஸ்யமான வரலாறுகள் உண்டு. சீன தேசத்தில் நாலாம் நூற்றாண்டில் பிளந்த உதட்டுடன் பிறந்த வெய் என்னும் வாலிபனுக்குப் பதினெட்டாம் வயதில் ஒரு வைத்தியர் உதட்டைச் சீவித் தைத்தார். நூறு நாள் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் உட்கொள்ளக் கூடாது, சிரிக்கவும் பேசவும் கூடாது என்பது நிபந்தனை. பாதி ஆயுள் மௌனமாயிருக்கச் சொன்னாலும் சம்மதமே என்று ஒப்புக்கொண்ட அந்த வாலிபன் பிற்காலத்தில் மாகாணங்களை ஆளும் அதிகாரியாக உயர்ந்தான். 1819-இல் பாரிஸ் நகரில் ஜான் ஸ்டீவன்ஸன் என்ற வைத்திய மாணவருக்கு ரூ என்னும் நிபுணர் மயக்க மருந்து இல்லாமலே அண்ணப் பிளவைத் தைத்தார். அதுவரை மூக்கால் பேசிவந்த அந்த மாணவர் பிறகு கானடாவில் வைத்தியக் கல்லூரி ஒன்றை நிறுவியவர்களில் ஒருவராகி, மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்யும் ஆசிரியரானார். பேச முடியாதிருந்தவர் பேசுவதையே தொழிலாகக் கொண்டார்!

கத்தி செய்யும் வேலை

இனி, ஏழாம் எண் பிளவை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பிறந்தவுடனே கத்தியை எடுப்பதில்லை. குழந்தை மயக்க மருந்தைத் தாங்க வேண்டும். உதட்டுப் பிளவுச் சிகிச்சைக்குப் 'பத்துகளின் விதி' என்று ஒன்று சொல்வார்கள்: வயது பத்து வாரம், எடை பத்து பவுண்டு, இரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம். இவை கூடிவந்தால் சிகிச்சைக்கு யோக்கியம். கன்னப் பிளவையும் சாதாரணமாக முதல் வயதுக்குள்ளே சரிசெய்து விடுவது நல்லதென்று பலர் கருதுகிறார்கள். அதுவரை குழந்தைக்குப் பால் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. வாயோரத்தில் பால் ஒழுகும்; ஆகையால் தலையை உயர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாக, அடிக்கடி புகட்ட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்குச் சிகிச்சை தள்ளிப் போகும்.

சிகிச்சை நாளன்று வைத்தியர் முதலில் எடுப்பது அளவுகோல். வாயின் புதிய கடைக்கோடி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால், மேலுதட்டின் நடுவிலிருந்து நல்ல பக்கத்துக் கடைக்கோடி வரையில் அளந்து, அதே தூரத்தை மறுபக்கத்தில் குறிக்கிறார். இரண்டு பக்கமும் பிளந்திருந்தால் கண்ணின் பாவையிலிருந்தோ கருவிழியின் ஓரத்திலிருந்தோ நேர் கீழே கோடு இறக்கிக் கணக்கிடுகிறார். மருந்து ஊசி போட்டால் சதை வீங்கி அளவு மாறிவிடும். ஆகையால் புள்ளிகளையெல்லாம் முன்னதாகவே மையால் குறித்து விடுகிறார். ஸுச்ருதருடைய இலை இங்கே மைப்புள்ளியாக மாறியிருக்கிறது.

பிறகு மூன்று அடுக்காக வேலை நடக்கிறது. பிளவின் விளிம்பில், சிவந்த உதட்டுத் தோலும் கன்னத்துத் தோலும் சேரும் கோட்டை ஒட்டி அறுக்கிறார். உள்ளே வாயின் மெல்லிய சவ்வைத் தைத்து முதல் அடுக்கை மூடுகிறார். இரண்டாவது அடுக்கு தசை. நம் உதடுகளைச் சுற்றி ஒரு வளையம் போலத் தசை ஓடுகிறது. வாயைக் குவிப்பதும் மூடுவதும் ஊதுவதும் அதனுடைய வேலை. பிளவுள்ள குழந்தைக்கு அந்த வளையம் பக்கவாட்டில் அறுந்து, மேல் நுனி ஒரு புறமும் கீழ் நுனி ஒரு புறமுமாக ஒதுங்கி நிற்கும். அவற்றைத் தேடிப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இணைத்து வளையத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். தோலை மட்டும் தைத்துத் தசையை விட்டுவிட்டால் குழந்தை தூங்கும்போது முகம் அழகாக இருக்கும்; சிரித்தாலும் அழுதாலும் வாய் கோணி விடும். கடைசி அடுக்கு தோல். அதை நேர்க்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கி வாயின் ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்துவிடலாம் என்று எண்ணும் வைத்தியர்கள், வளைந்து வளைந்து செல்லும் கோடாகத் தைக்கிறார்கள். நேர்க்கோடே கண்ணுக்குத் தெரியாமல் ஆறும் என்போரும் உண்டு. குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

இத்தனையும் செய்யும்போது கன்னத்துக்குள் ஓடும் உமிழ்நீர்க் குழாய்க்கும், முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளுக்கும் சேதம் வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். கை பழகிய நிபுணர் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

'அம்மா' என்று சொல்ல

தமிழாசிரியர்களுக்கு இந்த விஷயத்தில் தனியான அக்கறை உண்டு. தொல்காப்பியத்தில் எழுத்துக்களின் பிறப்பைச் சொல்லும் இயலில், உதடுகள் தம்மில் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கின்றன என்றும், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்கள் உதடு குவியப் பிறக்கின்றன என்றும் கூறப்பட்டிருக்கிறது. உதடு ஒட்டாத எழுத்துக்களை மட்டுமே கொண்டு பாடும் 'நிரோட்டகம்' என்ற அருமையான வித்தையும் நம் புலவர்களிடம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் அவ்விதம் ஓர் அந்தாதியே பாடினார். புலவருக்கு அது விளையாட்டு. உதட்டை மூட முடியாத குழந்தைக்கோ அது விதி. குழந்தை முதன்முதலில் சொல்லும் அம்மா, அப்பா, பால், பாப்பா என்னும் சொற்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் உதடு ஒட்ட வேண்டும். உள்ளே காற்று சிறிது தேங்கி வெடிக்க வேண்டும். பக்கவாட்டில் காற்று கசிந்தால் பகரம் தன் பலத்தை இழந்துவிடுகிறது. அண்ணம் பிளந்த குழந்தைக்குக் காற்று மூக்கு வழியாகப் போய்விடுவதால் கஷ்டம் இன்னும் அதிகம்.

நம்முடைய வகுப்பு ஒன்றில் முன்னொரு சமயம் படித்த ஒரு பெண், பாடம் வாசிக்கும்போது புஸ்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக் கொள்வாள். கண்பார்வைக் குறைவோ என்று முதலில் எண்ணத் தோன்றும். வாயோரத்துத் தழும்பை மறைப்பதற்காகச் செய்த உபாயம் அது. அவளுக்குச் சிகிச்சை நடந்து பல வருஷமாகியிருந்தது. உதடு நன்றாகவே மூடியது. ஆனால் பேச்சைத் திருத்திக் கொடுப்பவர் எவரும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பையன்கள் அவளைப்போலப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் எட்டாவது வகுப்போடு நின்று விட்டாள். தையலோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று வீட்டார் நினைத்தார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருந்தது.

பேச்சுப் பயிற்சி அளிப்பவர்கள் பட்டணங்களில்தான் இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை கூலியை விட்டுச் சென்னைக்கு வரச் சொன்னால் கிராமத்துக் குடும்பம் எப்படி வரும்? இதை உணர்ந்து சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிலையத்தார் ஒரு நல்ல வழியைக் கையாண்டார்கள். திருவண்ணாமலை, கடலூர் ஜில்லாக்களின் கிராமங்களில் உள்ளூர் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு பிளவுள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கச் செய்தார்கள். வைத்தியத்தைத் தேடி ஜனங்கள் போவதற்குப் பதிலாக ஜனங்களைத் தேடி வைத்தியம் வந்த இம்மாதிரி முயற்சிகள் பெருக வேண்டும்.

அண்ணாமலை நகரில்

ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் 1929-இல் நிறுவிய சர்வகலாசாலை தமிழுக்கும் தமிழிசைக்கும் செய்த தொண்டை யாவரும் அறிவர். அங்கே 1980-இல் பல் வைத்தியக் கல்லூரியும், 1985-இல் மருத்துவக் கல்லூரியும் ராஜா முத்தையாவின் பெயரால் ஏற்பட்டன. சர்வகலாசாலையின் நிர்வாகம் 2013-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2021-இல் இரண்டு கல்லூரிகளும் சுகாதார இலாகாவைச் சேர்ந்து கடலூர் ஜில்லாவின் அரசுக் கல்லூரிகளாயின.

முகத்தைச் சீர்செய்வதற்குப் பல் ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பல் வைத்தியத்தில் வாய், முகம், தாடை ஆகியவற்றின் ரண சிகிச்சை என்பது ஒரு தனிப் பிரிவு. அதற்குப் பட்ட மேற்படிப்பு உண்டு. முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்து புகழ் பெற்ற ஹெரால்ட் கில்லீஸ், 1915-இல் பிரான்ஸில் வாலடியே என்னும் பல் வைத்தியர் தாடைகளைச் சீர்செய்வதைக் கண்டுதான் அத்துறையில் ஈடுபட்டார். பிளவுள்ள குழந்தைக்கு ரண சிகிச்சை நிபுணர், பல் வரிசையைத் திருத்துபவர், காது வைத்தியர், குழந்தை வைத்தியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் வேண்டும். பல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருப்பது ஆகையால் ஒரு பாக்கியம்.

நீடித்த சேவைக்கு அண்டை மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பம்பாயில் வைத்தியம் கற்ற டாக்டர் ஹிர்ஜி அதேன்வாலா என்னும் பார்ஸிப் பெரியார் 1959-இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 2020-இல் காலமான அவர் நெடுங்காலம் அங்கேயே சேவை செய்தார். பிளவுள்ள ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்ததோடு, அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரையில் கவனித்தும் வந்தார். ஒரு நாள் முகாமில் தைத்து அனுப்பி விடுவதைவிட, ஒரே இடத்தில் இருபது வருஷம் காத்திருக்கும் வைத்தியமே இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது. தாடை வளர வளர முகம் மாறும். பத்தாம் வயதிலும் பதினெட்டாம் வயதிலும் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

2013-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் தொடங்கிய குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ள குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் உதடு, அண்ணப் பிளவும் சேர்ந்திருக்கிறது; சிகிச்சைக்கு இலவசமாக அனுப்பி வைக்கிறார்கள். குழு வரும் நாளில் அந்தக் குழந்தையை வெட்கப்பட்டு வீட்டில் நிறுத்திக் கொள்ளாமல் இருப்பதே பெற்றோரின் கடமை. வராத குழந்தையின் வீட்டுக்குப் போய் அழைத்து வருவது ஆசிரியரின் கடமை.

இதைப் படிக்கும் குடும்பங்கள் தங்கள் தெருவிலோ, உறவிலோ, வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் குடிசையிலோ இப்படி ஒரு குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, தாயிடம் போய், இது உன் குற்றமல்ல என்று வாய் திறந்து சொல்வது. இரண்டாவது, முதல் வாரத்திலேயே குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் செய்வது. சிகிச்சை சில மாதம் கழித்து நடந்தாலும், பால் புகட்டும் முறையை அன்றே கற்றுக் கொள்ளலாம், காதையும் சோதித்து விடலாம். மூன்றாவது, தையல் பிரித்த பிறகும் பேச்சுப் பயிற்சிக்கும் மறுபரிசோதனைக்கும் தவறாமல் போகும்படி அந்தக் குடும்பத்துக்கு நினைவூட்டி, பஸ் செலவுக்கு வழியில்லையென்றால் கைகொடுப்பது.

குழந்தையின் வாயை மூடித் தைக்க வைத்தியர்கள் இருக்கிறார்கள். பழி சொல்லும் வாய்களை மூட வேண்டிய வேலை நம்முடையது.